ஜெயித்தவரை யார் கட்டுப்படுத்துவது: மக்களா, அரசமைப்புச் சட்டமா?

2022 மார்ச்சில் பதவியேற்ற சென்னை மாநகராட்சி மாமன்றத்தின் ஐந்தாண்டுக் காலம் 2027 மார்ச்சோடு முடிகிறது. அடுத்த தேர்தலில் வேட்பாளர்களிடம் என்ன கோரிக்கை வைப்பது என்ற பேச்சு குடியிருப்போர் சங்கங்களில் எழும்போதெல்லாம் கூட்டம் இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. "ஓட்டுப் போட்ட நமக்குத்தான் அதிகாரம் வேண்டும். வார்டுக்குள் அந்தந்தப் பகுதி மக்கள் கூடும் ஏரியா சபையின் தீர்மானத்துக்குக் கவுன்சிலர் கட்டுப்பட வேண்டும், சரியில்லாதவரைப் பாதியிலேயே திரும்ப அழைக்க வேண்டும்" என்கிறது ஒரு தரப்பு. "கூட்டத்தை நம்பி எதையும் விட முடியாது. சட்டம் கறாராக இருக்கட்டும், கோர்ட் பார்த்துக்கொள்ளும்" என்கிறது இன்னொரு தரப்பு. இரண்டிலும் சேராதவர்கள், "ஜெயித்தவரை ஐந்து வருஷம் வேலை செய்ய விடுங்கள். பிடிக்காவிட்டால் அடுத்த முறை மாற்றிக்கொள்ளலாம்" என்கிறார்கள்.

எந்தப் பக்கம் நிற்பது என்று பலர் கேட்கிறார்கள். மூன்று வழியையும் ஒரே அளவுகோலில் வைத்துப் பார்க்கலாம். நான் எங்கே சாய்கிறேன் என்பதையும் மறைக்கப் போவதில்லை.

## எதை வைத்து எடை போடுவது

முதலில் பார்க்க வேண்டியது, எண்ணிக்கையில் ஒருநாளும் ஜெயிக்க முடியாதவர்களின் கதி. பெரும்பான்மையினர் எந்த முறையிலும் எப்படியோ சமாளித்துக்கொள்வார்கள். நடைபாதையில் குடும்பம் நடத்துகிறவர்கள், வாக்காளர் பட்டியலிலேயே இல்லாத வடமாநிலத் தொழிலாளர்கள், ஊரில் ஒரே ஒரு தெருவில் மட்டும் இருக்கிற தலித் குடும்பங்கள்: இவர்களுக்கு என்ன ஆகிறது என்பதில்தான் ஒரு முறையின் தரம் தெரியும்.

அடுத்தது, தவறு செய்துவிட்டால் திருத்த முடியுமா என்பது. தெருவிளக்கை இடம் மாற்றிக்கொள்ளலாம். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் மண்ணைக் கொட்டி மேடாக்கிவிட்டால் பழைய நிலம் திரும்ப வராது.

அப்புறம் காலம். முடிவு எவ்வளவு நாளில் வருகிறது, வருவதற்குள் பாதிக்கப்பட்டவர் என்ன செய்வார்? அதோடு ஒட்டியே மறைந்திருக்கும் செலவும் வரும். வக்கீல் பீஸ் கண்ணுக்குத் தெரியும். கூட்டத்துக்கு வருவதற்காக ஒரு நாள் கூலியை விடுவது யார் கணக்கிலும் ஏறாது. கடைசியாக, தவறு நடந்தால் போய்ச் சட்டையைப் பிடித்துக் கேட்க ஒரு ஆள் இருக்கிறாரா?

## வழி 1: ஜெயித்தவருக்கே முழு அதிகாரம்

இந்த வழியை லேசாக ஒதுக்கிவிட முடியாது. தமிழ்நாட்டில் நடந்த பெரிய சமூக மாற்றங்களில் பல, ஓட்டு வாங்கி வந்தவர்கள் துணிந்து செய்தவை. புரோகிதரும் சடங்கும் இல்லாமல் நடந்த சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று 1950-களில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாலை மாற்றி ஊரறிய வாழ்ந்துகொண்டிருந்த தம்பதிகளின் திருமணம் சட்டத்தின் கண்ணில் திருமணமே இல்லை என்றாகிவிட்டது. 1967-ல் ஆட்சிக்கு வந்த அண்ணாவின் அரசு இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ என்ற பிரிவைச் சேர்த்து, அதற்கு முன்பு நடந்த திருமணங்களையும் சேர்த்தே செல்லுபடியாக்கியது. அன்றைக்கு ஊர் ஊராக வாக்கெடுப்பு வைத்திருந்தால் அது தேறியிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. பிறந்த வீட்டுச் சொத்தில் பெண்களுக்குச் சம பங்கு தந்த 1989 சட்டத்துக்கும் இதையே சொல்வேன்.

வேகத்திலும், பதில் சொல்ல ஆள் இருப்பதிலும் இந்த வழியை மற்ற இரண்டும் நெருங்க முடியாது. செய்தது யார் என்று எல்லோருக்கும் தெரியும். ஐந்து வருஷத்தில் அவர் மறுபடி நம் வாசலுக்கு வந்தே ஆக வேண்டும்.

இதன் மறைந்த செலவைச் சென்னைக்காரர்கள் 2011-ல் பார்த்தார்கள். மே மாதம் பெரிய பெரும்பான்மையோடு ஆட்சி மாறியது. சமச்சீர் கல்வியைத் தள்ளிப்போடச் சட்டத் திருத்தம் வந்தது. அச்சடித்த பாடநூல்கள் கிடங்கில் கிடக்க, பிள்ளைகள் புத்தகம் இல்லாமல் வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள். ஜூலையில் உயர் நீதிமன்றம் அந்தத் திருத்தத்தை ரத்து செய்து, ஆகஸ்ட் 9-ம் தேதி உச்ச நீதிமன்றம் அதை உறுதிப்படுத்திய பிறகுதான் புத்தகம் கைக்கு வந்தது. அதே வருஷம் நவம்பரில், கோட்டூர்புரத்தில் திறந்து ஓராண்டே ஆகியிருந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தை வேறு இடத்துக்கு மாற்றி, அந்தக் கட்டடத்தைக் குழந்தைகள் மருத்துவமனையாக்க அமைச்சரவை முடிவெடுத்தது. உயர் நீதிமன்றத் தடையால் நூலகம் அங்கேயே நின்றது. இன்றைக்கும் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் சாப்பாட்டுப் பையோடு காலையிலேயே அங்கே வந்துவிடுகிறார்கள். பெரும்பான்மை வைத்திருந்தவரிடம் மட்டும் விட்டிருந்தால் அந்த மேஜைகள் இருந்திருக்காது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இதைவிட ஆழமான செலவு ஒன்று உண்டு. ஆட்டத்தின் விதியை ஆடுகிறவரே எழுதிக்கொள்வது. சென்னை மேயரை 1996, 2001, 2011 தேர்தல்களில் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். 2006-லும் 2022-லும் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்தார்கள். எது நல்ல முறை என்பது வேறு விவாதம். கோட்டையில் இருப்பவர் மாறமாற நம் வாக்குச்சீட்டின் அமைப்பும் மாறுகிறது, அதில் நம்மை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

1973 இதற்கெல்லாம் உச்சம். மஸ்டர் ரோல் என்ற தொழிலாளர் வருகைப் பதிவேட்டில் ஊழல் புகார் எழுந்ததும் மாநில அரசு மாமன்றத்தைக் கலைத்தது. ஊழலை விசாரிக்க வேண்டியதுதான், அதில் தவறில்லை. ஆனால் அடுத்த தேர்தல் நடந்தது 1996-ல். 1688-ல் தொடங்கிய, இந்தியாவின் மிகப் பழைய மாநகராட்சிக்கு 23 வருஷம் மாமன்றமே கிடையாது. கட்சிகள் மாறின, முதலமைச்சர்கள் மாறினார்கள். அத்தனை பேரும் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள்தான். மாநகராட்சி தங்கள் கைக்குள் அதிகாரிகள் வழியாக இருப்பது அவர்களில் யாருக்கும் உறுத்தவில்லை. ஒரு தலைமுறை, கவுன்சிலர் என்றால் யார் என்றே தெரியாமல் ஓட்டுப் போடும் வயதுக்கு வந்தது.

சட்டசபைக் கொள்கை, திட்டம், பட்ஜெட் போன்றவற்றுக்கு இந்த வழி பொருத்தம். தேர்தல் விதிகளையும் கீழ்நிலை மன்றங்களின் உயிரையும் இதன் கையில் விடக் கூடாது.

## வழி 2: மக்களே நேரடியாக

கிராம சபைக்கு 73-வது திருத்தம் அரசமைப்புச் சட்டத்திலேயே இடம் கொடுத்தது. நகரத்து மக்களுக்கு அப்படி ஒன்று வர நீண்ட காலம் ஆனது. வார்டு குழு, ஏரியா சபைக்கான விதிகள் தமிழ்நாட்டில் 2022-ல்தான் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தன்று முதல் கூட்டங்கள் நடந்தன.

எங்கள் பகுதியில் நடந்த ஒரு கூட்டத்தைச் சொல்கிறேன். பள்ளிக்கூட வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். உட்கார்ந்ததும் கையெழுத்து நோட்டு சுற்றி வந்தது. என்ன தீர்மானம் என்று அப்போது எதுவும் எழுதப்படவில்லை, கையெழுத்து முதலில் வாங்கப்பட்டது. அப்புறம் அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து வந்த ஒரு அம்மா எழுந்து, குழாயில் காலை ஐந்தரை மணிக்கு முதல் கால் மணி நேரம் சாக்கடை வாடை அடிக்கிறது, பிறகு சரியாகிவிடுகிறது என்றார். ஆன்லைனில் புகார் கொடுத்தால் ஆட்கள் பத்து மணிக்கு வந்து, தண்ணீர் நன்றாகத்தானே இருக்கிறது என்று முடித்துவிடுகிறார்களாம். குடிநீர் வாரிய இன்ஜினீயர் எந்தப் பிளாக், எத்தனையாவது மாடி, பக்கத்தில் எங்கே மேன்ஹோல் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். அந்த அம்மாவுக்குத் தெரிந்த அந்தக் கால் மணி நேர விஷயம் எந்த அலுவலகக் கோப்பிலும் இருந்திருக்காது. மக்கள் நேரில் பேசுவதன் முழு மதிப்பும் அங்கே தெரிந்தது.

அடுத்த பத்து நிமிஷத்தில் அதன் மறுபக்கமும் தெரிந்தது. மெயின் ரோட்டுத் தள்ளுவண்டிகளை எடுக்க வேண்டும் என்று ஒருவர் சொன்னார். கைகள் மளமளவென்று உயர்ந்தன. தள்ளுவண்டிக்காரர்கள் ஒருவர்கூட அங்கே இல்லை. அந்த நேரத்தில் அவர்கள் வியாபாரத்தில் இருந்தார்கள். வந்திருந்தவர்களில் பெரும்பாலோர் சொந்த வீட்டுக்காரர்கள், ஓய்வு பெற்றவர்கள், கட்சிக்காரர்கள். வாடகைக்கு இருப்பவர்கள் விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான். 'மக்கள் முடிவு' என்று நோட்டில் ஏறுவது, அன்றைக்கு அந்த நேரத்தில் வேலையை விட்டு வர முடிந்தவர்களின் முடிவு. தெருவோர வியாபாரிகளுக்கென்று 2014-ல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் ஒன்று இருப்பதால், அந்தக் கைத்தூக்கலால் மட்டும் அவர்களை அப்புறப்படுத்திவிட முடியாது. அது எனக்கு ஆறுதலாக இருந்தது.

நேரடி அதிகாரத்தின் பெருமையைச் சொல்ல நம்மவர்கள் உடனே உத்திரமேரூருக்குப் போவார்கள். சென்னையிலிருந்து ஒரு பகல் பயணம். பராந்தக சோழன் காலத்து, பத்தாம் நூற்றாண்டுக் கல்வெட்டு குடவோலை முறையை விரிவாகச் சொல்கிறது. கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய உறவினரும் வாரியத்துக்கு நிற்க முடியாது. அண்மையில் பதவியில் இருந்தவருக்கு மறுபடி இடமில்லை. இது நிஜமான பெருமை. அதே கல்வெட்டு, வரி கட்டும் கால்வேலி நிலமும் சொந்த மனையில் வீடும் வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அது ஒரு பிராமண ஊரின் சபை. உழுதவரும் பெண்களும் அந்தக் குடத்துக்கு அருகில்கூட வர முடியாது. முன்பாதியை மட்டும் மேடையில் பேசுவது நியாயமில்லை.

நம் காலத்து உதாரணம் இன்னும் கசப்பானது. மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளின் தலைவர் பதவி 1996-ல் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. ஊர்ப் பெரும்பான்மை அதை ஏற்கவில்லை. மனு போட ஆள் வராமலும், ஜெயித்தவர் ராஜினாமா செய்யும்படியும் பார்த்துக்கொண்டார்கள். 2006 அக்டோபரில்தான் அங்கே முறையான தேர்தல் நடந்தது. மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனும் அவரோடு ஐந்து பேரும் 1997 ஜூனில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அந்த ஊர்களில் 'மக்கள் விருப்பம்' என்னவென்று கேட்டிருந்தால் என்ன பதில் வந்திருக்கும்? அங்கே தலித் தலைவர்கள் பதவியில் அமர முடிந்தது என்றால், ஊர் விருப்பத்துக்கு மேலே, ஊராட்சிகளில் இட ஒதுக்கீடு தரும் அரசமைப்புச் சட்டத்தின் 243-டி பிரிவு நின்றதுதான் காரணம். இந்தியக் கிராமம் ஒரு குடியரசு என்று பேசியவர்களுக்கு அம்பேத்கர் அரசமைப்பு அவையில் ஏன் அவ்வளவு காட்டமாகப் பதில் சொன்னார் என்பது இங்கே புரியும்.

வெளிநாட்டில் இது எப்படி என்று கேட்பவர்களுக்கு: பொது வாக்கெடுப்புக்குப் பேர் போன சுவிட்சர்லாந்தில், பெண்களுக்கு ஓட்டுரிமை தரலாமா என்று 1959-ல் ஆண்களிடம் வாக்கெடுப்பு வைத்தார்கள். வேண்டாம் என்றார்கள். 1971-ல்தான் தேசிய அளவில் சரி என்றார்கள். ஒரு மாநிலத்தில் 1990-ல் கோர்ட் தலையிட்ட பிறகுதான் பெண்கள் உள்ளூர்த் தேர்தலில் ஓட்டுப் போட்டார்கள். கலிபோர்னியாவில் 1978-ல் மக்களே வாக்களித்துச் சொத்துவரிக்கு உச்சவரம்பு வைத்தார்கள். அதனால் உள்ளாட்சிகளின் வருமானம் சுருங்கியது. இங்கேயும் 2018-ல் ஏற்றிய சொத்துவரி, உள்ளாட்சித் தேர்தல் பேச்சு வந்ததும் 2019-ல் நிறுத்திவைக்கப்பட்டது. 2022-ல், தேர்தல் முடிந்த கையோடு, 25 முதல் 150 சதவீதம் வரை ஏறியது. வரியை மட்டும் தனியாக எடுத்து மக்களிடம் கேட்டால் எல்லோரும் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள். மழைநீர் வடிகாலுக்குக் காசு எங்கிருந்து வரும் என்பதையும் சேர்த்துக் கேட்டால்தான் அது நேர்மையான கேள்வி.

இதற்கெல்லாம் பிறகும் நான் இந்த வழியைக் கைவிடச் சொல்லவில்லை. பரந்தூர் விமான நிலையத்தை எதிர்த்து ஏகனாபுரம் கிராம சபை 2022-லிருந்து திரும்பத் திரும்பத் தீர்மானம் போட்டது. நிலத்தையும் ஏரியையும் இழக்கப் போகிறவர்கள் அவர்கள். விமான நிலையம் வேண்டும் என்று நினைப்பவர்கூட, அந்தத் தீர்மானத்துக்குக் காரணத்தோடு எழுத்தில் ஒரு பதில் தர வேண்டும் என்பதை மறுக்க முடியாது. 2022 மாநகராட்சித் தேர்தலில் சென்னையின் வாக்குப்பதிவு 44 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. பேசினால் ஏதாவது நடக்கும் என்ற நம்பிக்கை வராமல் அந்த எண் ஏறாது.

## வழி 3: அரசமைப்பு வரம்பு

நூலகத்தையும் பாடநூலையும் காப்பாற்றியது இந்த வழி. நாடாளுமன்றம் முழுப் பெரும்பான்மையோடு நின்றாலும் அரசமைப்புச் சட்டத்தின் அடிப்படைக் கட்டமைப்பை மாற்ற முடியாது என்று 1973 ஏப்ரல் 24-ல் கேசவானந்த பாரதி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 13 நீதிபதிகளில் ஏழு பேர் ஒரு பக்கம், ஆறு பேர் மறுபக்கம். ஒரே ஒரு நீதிபதியின் வித்தியாசத்தில் நிற்கிறது இந்த வரம்பு. அடுத்த சில வருஷங்களில் நெருக்கடி நிலை வந்தது. அந்த அனுபவத்துக்குப் பிறகு இப்படி ஒரு தடை தேவையில்லை என்று வாதாடுவது கஷ்டம்.

ஆனால் வரம்பு என்றாலே அது ஏழைக்கும் சிறுபான்மைக்கும் காவல் என்று நினைத்துவிடக் கூடாது. சென்னையின் சொந்த வரலாறு வேறு மாதிரி. கல்லூரி இடங்களைச் சமூகவாரியாகப் பங்கிட்ட வகுப்புவாரி உரிமை அரசாணையை, செண்பகம் துரைராஜன் தொடுத்த வழக்கில் 1950-ல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 1951-ல் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. அடிப்படை உரிமையில் கை வைக்கிறது என்பதுதான் காரணம். பெரியார் தெருவில் இறங்கினார். மாகாணம் முழுக்கக் கொந்தளிப்பு. அதே 1951-ல் நாடாளுமன்றம் முதல் திருத்தத்தைக் கொண்டுவந்து 15-வது பிரிவில் நான்காவது உட்பிரிவைச் சேர்த்தது. பிற்படுத்தப்பட்டோருக்கான கல்வி இட ஒதுக்கீடு இன்றைக்கும் அதன் மேல்தான் நிற்கிறது. வரம்பு தவறான இடத்தில் விழுந்தபோது அதை நகர்த்தியது மக்கள்தான்.

ஜல்லிக்கட்டிலும் ஏறக்குறைய அதே வரிசை. 2014 மே மாதம் உச்ச நீதிமன்றத் தடை, 2017 ஜனவரியில் மெரினா போராட்டம், சில நாட்களில் அவசரச் சட்டமும் சட்டமும், 2023 மே மாதம் அரசியல் சாசன அமர்வின் ஒப்புதல். ஒன்பது வருஷம்.

இந்த வழியின் செலவுகளில் முதலாவது, ஓட்டு வாங்காதவர் கையில் வரம்பு ஆயுதமாவது. குடியரசுத் தலைவர் ஆட்சிக்கு வழி செய்யும் 356-வது பிரிவைக் கொண்டு தமிழ்நாட்டின் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசு 1976, 1980, 1988, 1991 என நான்கு முறை கலைக்கப்பட்டது. வேலியே பயிரை மேய்ந்த கதை. 1994-ல் எஸ்.ஆர். பொம்மை வழக்குத் தீர்ப்பு வந்த பிறகுதான் அந்தப் பிரிவுக்கே ஒரு வரம்பு வந்தது.

அதிகம் பேசப்படாத இன்னொரு செலவு, வரம்பைச் செயல்படுத்தும்போது மக்களுக்குப் பிரதிநிதியே இல்லாமல் போவது. 74-வது திருத்தம் 243-யு பிரிவில் தெளிவாகச் சொல்கிறது: மாநகராட்சியின் காலம் ஐந்து ஆண்டு, அது முடிவதற்குள் தேர்தல், கலைத்தால் ஆறு மாதத்துக்குள் தேர்தல். 1973 மறுபடி நடக்கக் கூடாது என்பதற்கு இதைவிடக் கறாராக எழுத முடியாது. ஆனால் 2016 அக்டோபரில் என்ன நடந்தது? பழங்குடியினர் இட ஒதுக்கீடும் தேர்தல் அறிவிப்பும் முறையாக இல்லை என்று, வாக்குப்பதிவுக்கு இரண்டு வாரம்கூட இல்லாதபோது உயர் நீதிமன்றம் தேர்தலை ரத்து செய்தது. அந்தக் குறை உண்மையானது. பிறகு வார்டு மறுவரையறை, வழக்கு, அவகாசம், மறுபடி அவகாசம். தேர்தல் 2022 பிப்ரவரி 19-ல் நடந்தது. ஓர் அரசமைப்பு விதியைக் காக்கப் போய் இன்னொரு விதி ஐந்து வருஷத்துக்கு மேல் தூங்கியது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, லாரித் தண்ணீருக்குக் குடங்கள் வரிசையில் நின்றபோதும், 2020-ல் கொரோனா வந்தபோதும் இந்த நகரத்தில் ஒரு கவுன்சிலர்கூட இல்லை.

பெரம்பூர் தொகுதிக்காரர்களின் நிலை இன்னும் மோசம். கட்சித் தாவல் தடைச் சட்டத்தின் கீழ் 2017 செப்டம்பரில் தகுதிநீக்கம் செய்யப்பட்ட 18 எம்.எல்.ஏ.க்களில் அவர்கள் உறுப்பினரும் ஒருவர். வழக்கு உயர் நீதிமன்றத்தில் இரு நீதிபதிகளின் மாறுபட்ட தீர்ப்பு, மூன்றாவது நீதிபதி என்று போய், இடைத்தேர்தல் 2019 ஏப்ரலில் நடந்தது. ஒன்றரை வருஷத்துக்கு மேல் வியாசர்பாடியிலும் கொடுங்கையூரிலும் எம்.எல்.ஏ.வும் கிடையாது, கவுன்சிலரும் கிடையாது. தாவியவரைத் தண்டிக்கும் சட்டம் வேண்டியதுதான். அந்தத் தண்டனையை அந்தத் தெருக்களும் சேர்ந்து அனுபவித்ததை யாரும் இழப்பாகப் பதிவு செய்யவில்லை. எனக்கு இது இன்னும் ஆறவில்லை.

கோர்ட் வழியில் பணமும் ஒரு தடுப்பு. ரிட் மனுவுக்கான நீதிமன்றக் கட்டணம் சொற்பம்தான். வக்கீல் பீஸும் வாய்தாவும்தான் ஆளை உருக்கும். எதிர்த்தரப்புக்கு அரசு வழக்கறிஞர் அரசுப் பணத்தில் வருவார். யார் குரல் கோர்ட்டுக்குள் எட்டுகிறது என்பதும் ஒரு கேள்வி. 2023 ஏப்ரலில் பட்டினப்பாக்கம் லூப் சாலையில் மீன் கடைகளால் போக்குவரத்து தடைப்படுகிறது என்று உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கெடுத்தது. கடைகள் அகற்றப்பட்டன, நொச்சிக்குப்பத்து மீனவர்கள் சாலையில் இறங்கிப் போராடினார்கள். தலைமுறை தலைமுறையாகக் கரையில் இருப்பவர்களை முதலில் உட்காரவைத்துப் பேசியிருந்தால் கதை வேறாகியிருக்கும். அங்கே நவீன மீன் அங்காடி 2024-ல் திறந்தது.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | ஜெயித்தவருக்கே அதிகாரம் | மக்கள் நேரடியாக | அரசமைப்பு வரம்பு |
|---|---|---|---|
| எண்ணிக்கை குறைந்தவர் | தலைவரின் மனதைப் பொறுத்தது | பெரும்பாலும் ஆபத்து | பாதுகாப்பு அதிகம், உத்தரவாதம் இல்லை |
| திருத்தும் வாய்ப்பு | அடுத்த தேர்தலில் | அடுத்த கூட்டத்திலேயே | மேல்முறையீடு, அல்லது சட்டத் திருத்தம் |
| காலம் | வேகம் | தெரு அளவில் வேகம், நகர அளவில் இழுபறி | தடை ஒரே நாளில் கிடைக்கலாம், தீர்ப்புக்கு வருஷங்கள் |
| மறைந்த செலவு | விதிகளையே மாற்றிக்கொள்வது | வர முடியாதவர்களின் குரல் | பிரதிநிதி இல்லாத காலம், வக்கீல் செலவு |
| பதில் சொல்பவர் | தெளிவாகத் தெரியும் | யாரும் இல்லை | நீதிபதியைத் தேர்தலில் கேட்க முடியாது |

## எது எப்போது

தெருவுக்குள் முடிகிற விஷயம், தவறானால் அடுத்த மாதமே மாற்றிக்கொள்ளக்கூடியது, பாதிக்கப்படுகிறவர்கள் எல்லோரும் அந்தக் கூட்டத்துக்கு வர முடிகிறது என்றால் ஏரியா சபையைப் போல நல்ல இடம் வேறில்லை. பூங்கா நேரம், விளக்கு, வடிகால் எங்கே தொடங்குவது, எந்தக் குழாயை முதலில் மாற்றுவது எல்லாம் இதில் வரும்.

நகரம் முழுவதுக்குமான பணமும் கொள்கையும் என்றால் மாமன்றமும் சட்டசபையும். ஒருவர் வரவு செலவு இரண்டுக்கும் சேர்த்துப் பொறுப்பேற்க வேண்டிய இடம் அது.

ஒருவருடைய உரிமை, திரும்பப் பெற முடியாத இயற்கை, தேர்தலின் விதிகள்: இந்த மூன்றில் எது சம்பந்தப்பட்டாலும் அரசமைப்பு வரம்புதான். கோர்ட்டுக்குப் போகும் முன் பத்து ரூபாய் கட்டணத்தில் ஒரு தகவல் உரிமை மனு போட்டு, எந்த உத்தரவின் பேரில் வேலை நடக்கிறது என்று கேட்டுவிடுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வருகிற பதில் வழக்குக்கும் உதவும், பல சமயம் வழக்கையே தேவையில்லாமல் செய்துவிடும்.

வரம்பும் மக்கள் குரலும் எதிரெதிராகத்தான் நிற்க வேண்டும் என்பதில்லை. ஒடிசாவின் நியமகிரி மலையில் பாக்சைட் எடுக்கலாமா என்ற வழக்கில் 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தானே முடிவு சொல்லாமல், அந்த மலையை வழிபடும் மக்களின் கிராம சபைகளிடம் கேட்கச் சொன்னது. 12 கிராம சபைகளும் வேண்டாம் என்றன. சுரங்கம் வரவில்லை. யாரிடம் கேட்க வேண்டும் என்பதைச் சட்டம் உறுதி செய்தது, என்ன பதில் என்பதை மக்கள் சொன்னார்கள். நான் சாய்வது இந்தப் பக்கம்தான். கொள்கை எதுவென்று நீதிபதி தீர்மானிப்பதைவிட, தீர்மானிக்க வேண்டியவர்கள் ஒருவர் விடாமல் அந்த அறையில் இருக்கிறார்களா என்று அவர் காவல் காப்பது மேல்.

## கோரிக்கைப் பட்டியலில் என்ன வைக்கலாம்

முதல் இடம் தேர்தல் தேதிக்கு. இட ஒதுக்கீட்டுப் பட்டியலும் வார்டு எல்லையும் மாமன்றக் காலம் முடிவதற்கு நெடுநாள் முன்பே வெளியாக வேண்டும். ஆட்சேபம் இருப்பவர் அப்போதே சொல்லவும், கோர்ட் அப்போதே கேட்கவும் நேரம் இருக்க வேண்டும். கடைசி நேரத்தில் வழக்கு வந்தால் என்ன ஆகும் என்று 2016-ல் பார்த்தோம். 243-யு அப்போதும் சட்டத்தில் இருந்தது. நகரத்து மக்கள் அதைக் கேட்டு ஒரு தெருவில்கூடப் பெரிதாக நிற்கவில்லை, அதனால்தான் அது ஏட்டோடு நின்றது.

அடுத்து, ஏரியா சபைத் தீர்மானத்துக்குக் கவுன்சிலர் கட்டுப்பட வேண்டும் என்று கேட்காதீர்கள். தள்ளுவண்டிக்காரர்களுக்கு அது ஆபத்து. குறித்த நாளுக்குள், ஏற்றாலும் மறுத்தாலும், காரணத்தோடு எழுத்தில் பதில் வேண்டும் என்று கேளுங்கள். தீர்மானத்தை வாசித்த பிறகே கையெழுத்து, கூட்டம் ஞாயிறு மாலையில், வாடகைக்கு இருப்பவருக்கும் தெருவோர வியாபாரிக்கும் பேச உரிமை: இந்த மூன்றும் காசு செலவில்லாதவை.

திரும்ப அழைக்கும் உரிமையை நான் பட்டியலில் சேர்க்க மாட்டேன். மத்தியப் பிரதேசத்திலும் சத்தீஸ்கரிலும் நகராட்சித் தலைவர்களுக்கு அந்த விதியைக் கொண்டுவந்தார்கள், 2008-ல் சத்தீஸ்கரின் மூன்று சிறு நகரங்களில் தலைவர்கள் மக்கள் வாக்கால் பதவி இழக்கவும் செய்தார்கள். ஆனால் அந்த நடைமுறையைத் தொடங்கும் சாவி அங்கே கவுன்சிலர்களின் கையில்தான் தரப்பட்டது. சென்னையில் மேயரைத் தேர்ந்தெடுப்பதே கவுன்சிலர்கள் என்னும்போது, அப்படி ஒரு விதி கட்சிகளுக்குள் பேரம் பேசத்தான் பயன்படும். கவுன்சிலருக்கு என்று வைத்தாலும், 44 சதவீதம்கூட ஓட்டுப் போடாத வார்டில் கையெழுத்துத் திரட்டும் பலம் யாரிடம் இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். போன முறை தோற்றவரிடமும், கவுன்சிலர் எதிர்த்து நின்ற கட்டுமானக்காரரிடமும்தான். தலித் பெண் ஒருவர் ஜெயித்து வந்த வார்டில் அந்தக் கையெழுத்து வேட்டை எவ்வளவு வேகமாக நடக்கும் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.